நான்காம் கம்பம்

கொன்றையாறு கடலில் கலக்கிற இடத்தில் மணல் ஒரே இடத்தில் தங்காது. இன்று ஆழமாக இருக்கும் வழி அடுத்த வாரம் முழங்காலளவு ஆகிவிடும். கீழக்கொன்றைப் படகுகள் அந்த முகத்துவாரத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும், அதைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அங்கே ஒரு படகாவது கவிழும்.

அதனால்தான் கரைக்கண் திட்டம் வந்தது. தடுப்புக் கற்களின் முனையிலிருந்து படகுத்துறை வரை ஒன்பது கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றின் மேலும் கேமரா வைத்தார்கள். படகுகளையும் அலையையும் மணல்திட்டையும் அவை எந்நேரமும் படம் பிடித்தன. படங்கள் மாவட்டத் தலைநகரில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் போயின. அதே படங்கள் ஊர்க்காரர்களின் கைபேசியிலும் தெரிந்தன. எந்தப் படகு எங்கே வருகிறது, வழியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அடுப்படியில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டு அறையின் பொறியாளர் சங்கமித்ரா தர்மபுரிப் பக்கத்துக்காரி. வேலைக்கு வரும்வரை கடலை நேரில் பார்த்ததில்லை. வந்த பிறகும் பெரும்பாலும் திரையில்தான் பார்த்தாள்.

முதல் மழைக்காலத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. மழை அடித்தால் கேமராவின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து படம் கறுத்துவிடும். சில நேரம் நொடிகள், சில நேரம் அரை மணி. ஒருநாள் அப்படிக் கறுத்தபோது, தேடப் புறப்பட்ட ஒரு படகு மணல்திட்டில் மோதி ஒருவர் இறந்துபோனார். தேடப்பட்ட படகோ பத்திரமாகத் துறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுவாரம் ஊர்த்தலைவர் நாட்டார் சிங்காரமும், பெண்கள் சங்கத்தின் சார்பில் மேனகாவும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்கள். மேனகாவின் கணவன் கலைநேசனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. தம்பி விமலோடு தொழிலுக்குப் போய்வந்தான்.

"படம் கறுத்துப்போனா பொம்பளைங்க கடக்கரைக்கு ஓடுறாங்கம்மா. அவங்க ஓடுறதப் பாத்து ஆம்பளைங்க போட்ட எடுத்துடுறாங்க. தேடப் போனவன் செத்துப்போனான். இதுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுங்க" என்றார் நாட்டார்.

"மழை பெய்யும்போது கேமராவுக்குத் தெரியாதுங்க ஐயா. அதை யாராலும் மாத்த முடியாது" என்றாள் சங்கமித்ரா.

"முன்னெல்லாம் தெரியாமத்தான் இருந்தோம். அப்ப பயம் ஒரு மாதிரி" என்றாள் மேனகா. "இப்ப தெரிஞ்சிகிட்டே இருந்துட்டுத் திடீர்னு இல்லாமப் போவுது. நெஞ்சே நின்னுடுது மேடம்."

சங்கமித்ரா அன்றைக்கு அவர்களுக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மேனகா சொன்னது அவளை விடவில்லை. கரைக்கண்ணின் கணினியில் அந்த ஊர்ப் படகுகள் போய்வந்த படங்கள் கணக்கில்லாமல் குவிந்திருந்தன. எந்தப் படகு எந்த வேகத்தில் வரும், எந்த அலையில் எப்படி ஏறி இறங்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கண்ணாடி மறைந்த நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று கணித்து, அதையே படமாக வரைந்து காட்டும்படி அவள் கணினியைப் பழக்கினாள். அதற்கு இடைநிரப்பு என்று பெயர் வைத்தாள்.

விளக்கம் கேட்க வந்த நாட்டாரிடம், "ஒரு பக்கம் கிழிஞ்சுபோன கதைப் புத்தகத்தைப் படிக்கிறோம்னு வைங்க" என்றாள். "முன் பக்கமும் பின் பக்கமும் இருந்தா, நடுவுல என்ன இருந்திருக்கும்னு சொல்லிடலாம் இல்லையா? அந்த மாதிரிதான்."

"அப்ப அது நெசம் இல்ல."

"நிஜமா நடக்கிறதை ஒட்டித்தான் இருக்கும். நாங்க சோதிச்சுப் பார்த்துட்டோம். தப்பானதே இல்லை."

"கறுப்பாக் காட்டாம இருந்தாப் போதும்மா" என்றார்.

அது வேலை செய்தது. அடுத்த மழைக்காலத்தில் யாரும் கரைக்கு ஓடவில்லை, எந்தப் படகும் வீணாகத் தேடப் போகவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மழை கொட்டும்போதும் படம் தெளிவாக இருந்தது. இரண்டொரு வருடத்தில் இடைநிரப்பு என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. கம்பங்களின் உச்சியில் மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் கேமரா பார்க்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த ஐப்பசியில் ஒரு பிற்பகல். முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் வடகிழக்கிலிருந்து காற்று திரும்பி மழை பிடித்துக்கொண்டது. கடலில் இருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சங்கமித்ரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைநேசனின் நீலப் படகு கடைசியாக வந்தது. மூன்றாம் கம்பத்தைத் தாண்டி, நான்காம் கம்பத்தின் பக்கம் சற்று ஆடி, மணல்திட்டைச் சுற்றி உள்ளே நுழைந்தது. துறையில் போய் நின்றது. அவள் எழுந்து டீ எடுத்துக்கொண்டாள்.

கீழக்கொன்றையில் மேனகாவும் அதைக் கைபேசியில் பார்த்தாள். படகு வந்துவிட்டது என்று உலை வைத்தாள். சோறு வடித்த பிறகும் அண்ணனும் தம்பியும் வரவில்லை. மழைக்கு மீன் ஏலக்கூடத்தில் ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கணவனை அழைத்தாள், மணி அடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள்.

கட்டுப்பாட்டு அறைக்கு அவள் அழைப்பு வந்தபோது சங்கமித்ராதான் எடுத்தாள்.

"மேடம், நான் கீழக்கொன்ற மேனகா பேசுறேன். எங்க போட்டு தொறையில கட்டிக் கெடக்குன்னு படத்துல தெரியுது."

"ஆமா. வந்து ரொம்ப நேரமாச்சே."

"நான் அந்த எடத்துலதான் நிக்கிறேன் மேடம். இங்க போட்டு இல்ல."

சங்கமித்ரா திரையைப் பார்த்தாள். நீலப் படகு அலையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் குடையோடு நிற்கும் பெண் யாரும் படத்தில் இல்லை.

அவள் இடைநிரப்பை நிறுத்தினாள். ஒன்பது கட்டங்களும் கறுத்தன.

மீட்புப் படகு இருட்டுவதற்குள் போய்விட்டது. நான்காம் கம்பத்துக்கு அருகில், கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பிடித்தபடி கலைநேசன் கிடந்தான். விமல் அங்கே இல்லை. மறுநாள் காலை அவன் உடல் தெற்கே கரை ஒதுங்கியிருந்தது. அவனுக்கு வரவிருந்த தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு அறிவுறுத்தல் வந்தது. விசாரணை முடியும்வரை ஊர்க்காரர்களோடு யாரும் பேசக்கூடாது. மேலாளர் ஜெயசீலன் சங்கமித்ராவைத் தனியே கூப்பிட்டும் சொன்னார்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இப்ப அங்க போனா நீ சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் வேற மாதிரி ஆகும்."

"சரி சார்" என்றாள். கருமாதி முடிந்த மறுநாள் பேருந்து ஏறிக் கீழக்கொன்றைக்குப் போனாள்.

கலைநேசன் வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. மேனகா அவளைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கலைநேசன் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவன் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அதற்குத் தயாராக வந்திருந்தவளுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

அவன்தான் முதலில் கேட்டான்.

"நாங்க கையக் காட்டுனது ஒங்களுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரியலைங்க."

"நாலாங்கம்பத்துக்கு நேராத்தான் கெடந்தோம். கேமரா எங்களப் பாத்துதான் திரும்பியிருந்திச்சு. வெளக்கு எரிஞ்சிகிட்டிருந்திச்சு."

"கண்ணாடியில மழைத்தண்ணி. கேமராவுக்கு ஒன்னுமே தெரியலை."

"அப்ப ஒங்களுக்கு என்னதான் தெரிஞ்சிது?"

சங்கமித்ராவால் வேறு எப்படியும் அதைச் சொல்ல முடியவில்லை.

"நீங்க கரைக்கு வந்து சேர்ந்துட்டதாத் தெரிஞ்சுது."

மேனகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைநேசன் தன் கைகளைப் பார்த்தபடி இருந்தான்.

"தடுப்புக் கல்லு பக்கத்துலதான் இருந்திச்சு" என்றான். "போட்டு கவுந்ததுமே தம்பி சொன்னான், நீந்திப் போயிடலாம்ண்ணேன்னு. அப்ப அவனுக்குத் தெம்பு இருந்திச்சு. நான்தான் வேணாம்னேன். கேமரா பாக்குது, இப்ப ஆள் வந்துடும், இருக்குற தெம்ப வீணாக்காதன்னு சொன்னேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கைய ஆட்டுனோம். ஆட்டி ஆட்டி கை ஓஞ்சிபோச்சு. அப்பறம் ஒரு அலையில அவன் புடி வுட்டுட்டான்."

அவன் அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"இதை நான் செஞ்சேன்" என்றாள் சங்கமித்ரா. "அந்தக் கணிப்பு. அது என் வேலை."

"தெரியும். நாட்டார் சொன்னாரு. நாங்கதானே கேட்டோம்" என்றாள் மேனகா.

அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. புயல், மழை நாட்களில் இடைநிரப்பை நிறுத்திவிடுவது. மற்ற நாட்களில் வழக்கம்போல. அதைச் சங்கமித்ரா அவர்களிடம் சொன்னாள். இனிமேல் மழையில் படம் மறைந்தால் கறுப்பாகத்தான் காட்டும், ஏமாற்றாது என்றாள்.

கலைநேசன் தலையசைத்தான். பிறகு சொன்னான்.

"கறுப்பாக் காட்டுனா படத்தப் பாக்குறவங்களுக்குத் தெரியும். தண்ணியில கெடக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குப் புரியவில்லை.

"கேமராவுக்குக் கண்ணு தெரியலன்னா அந்த வெளக்க அணைச்சிடச் சொல்லுங்க மேடம். அது அணைஞ்சிருந்தா நான் அவன நீந்த வுட்டிருப்பேன். பாக்க ஆளு இல்லன்னா நாங்க எங்க வழியப் பாத்துக்குவோம். பாக்குறாங்கன்னு நெனச்சிகிட்டுத்தான் கெடந்தோம்."

அவள் திரும்பி வரும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருடங்களில் கேமராவைப் பார்க்கிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருந்தார்கள். அதன் எதிரே இருப்பவனுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கோ வேறு யாருக்குமோ தோன்றியதில்லை.

ஜெயசீலன் அவள் அங்கே போய்வந்ததற்குக் கோபப்பட்டார். ஆனால் விளக்கு விஷயத்தை மறுக்கவில்லை. செலவில்லாத வேலை, விசாரணைக் குழுவிடமும் சொல்லிக்கொள்ளலாம். சங்கமித்ரா விளக்கைக் கணினியின் கணிப்போடு இணைக்காமல் நேராகக் கண்ணாடியோடு இணைத்தாள். கண்ணாடி வழியே உண்மையாக வெளியே தெரிந்தால் விளக்கு எரியும். தெரியாவிட்டால் அணைந்துவிடும்.

மாசியில் ஒரு காலை அந்த வேலை நடந்தது. மழை போய் வெகுநாளாகியிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, கடல் அலையடங்கிக் கிடந்தது. படகுகள் விடியும்போதே போய்விட்டன. தம்பி போனபிறகு கலைநேசன் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொழிலுக்குப் போயிருந்தான், மைத்துனனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு. மேனகாவும் வேறு சில பெண்களும் நாட்டாரும் வேடிக்கை பார்க்கத் துறைக்கு வந்திருந்தார்கள். தொழில்நுட்ப ஆள் சாதிக் படகில் போய்க் கம்பம் கம்பமாக ஏறி இணைப்பை மாற்றிவிட்டு வந்து, துறையில் இருந்த பெட்டியைத் திறந்து விசையைப் போட்டான்.

இரண்டு விளக்குகள் எரிந்தன. ஏழு எரியவில்லை.

"எங்கயோ ஒயர் லூசா இருக்கு மேடம்" என்றான் சாதிக். மறுபடியும் படகில் போனான். இந்த முறை சங்கமித்ராவும் போனாள். ஐந்தாம் கம்பத்தில் அவன் ஏறி மீட்டரை வைத்துப் பார்த்தான். "இல்லையே. கரண்ட் நல்லா வருது. எல்லாம் சரியா இருக்கு."

"கண்ணாடியைப் பாருங்க சாதிக்."

அவன் குனிந்து பார்த்தான். "வெள்ளையா இருக்கு மேடம். உப்புப் படிஞ்சு போயிருக்கு. நகத்தால சுரண்டுனாத்தான் வரும்போல."

"யார் துடைக்கிறாங்க இதை?"

"மொதல்ல மாசாமாசம் ஒரு போட்டு வரும். ஆளுங்க ஏறித் துடைப்பாங்க. அது நின்னு ரொம்ப நாளாச்சே. படம் நல்லாத்தானே தெரியுது, எதுக்குத் துடைக்கணும்னு நிறுத்திட்டாங்க."

சங்கமித்ரா கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தாள். ஐந்தாம் கம்பத்தின் படம் பளிச்சென்று இருந்தது. நீலக் கடல், வெயில், தொலைவில் இரண்டு படகுகள்.

"கேமரா முன்னாடி ஒங்க கையை வைங்க" என்றாள்.

சாதிக் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு முன்னால் விரித்துப் பிடித்தான்.

படத்தில் கை வரவில்லை. கடல் அப்படியே இருந்தது. படகுகள் இரண்டும் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தன. அவள் தலை தூக்கி உண்மைக் கடலைப் பார்த்தாள். கேமரா நோக்கிய திசையில் படகே இல்லை.

இடைநிரப்பு மழைக்காக எழுதப்பட்டது. ஆனால் தண்ணீர் எது, உப்பு எது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெரியாத இடத்தையெல்லாம் அது நிரப்பியது. படம் எப்போதும் நன்றாக இருந்ததால் யாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. துடைக்காததால் அது மேலும் மேலும் நிரப்பியது. எத்தனை மாதமாக இந்த ஊர் வெயில் நாட்களிலும் கணிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. விமல் போன அன்று, மழை பிடிப்பதற்கு முன்பே அந்தத் திரையில் உண்மைக் கடல் இல்லாமல் இருந்திருக்கலாம்.

படகிலிருந்தே ஜெயசீலனை அழைத்தாள்.

"சார், இடைநிரப்பை முழுசா நிறுத்தப்போறேன். இப்பவே."

"வெயில் நாள்ல எதுக்கு?"

"ஏழு கேமராவுக்குக் கண்ணு தெரியலை சார். ரொம்ப நாளாவே."

"அதுக்கு? ஏழு கட்டம் ஒரே நேரத்துல கறுத்துப்போனா ஊரே பதறிடும். போட்டெல்லாம் வெளிய இருக்கு. மொதல்ல துடைக்க ஏற்பாடு பண்ணுவோம். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"ஊர்க்காரங்க துறையில நிக்கிறாங்க சார். அவங்களுக்கு வெளக்கு தெரியுது."

அவர் மேலே பேசுவதற்குள் அவள் இணைப்பைத் துண்டித்து, டேப்லெட்டில் இடைநிரப்பை நிறுத்தினாள்.

கரைக்கு வந்தபோது பெண்கள் கைபேசியை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏழு கட்டங்கள் கறுப்பு. இரண்டில் மட்டும் படம் தெரிந்தது. அந்த இரண்டும் துறைக்குப் பக்கத்தில் இருந்தவை, அவற்றில் அந்தப் பெண்கள் நின்ற மணல்தான் தெரிந்தது. சங்கமித்ரா அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. சாதிக் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

நாட்டார் கம்பங்களைப் பார்த்தார். "வெயில் நாள்லயுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

அவர் சாதிக்கிடம் திரும்பினார். "தொடைக்க என்னப்பா வேணும்?"

"நல்ல தண்ணி, துணி. கொஞ்சம் வினிகர் இருந்தா நல்லது."

அவர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஊருக்குள் போனார். பெண்களில் ஒருத்தி கைபேசியை அணைத்து இடுப்பில் செருகினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மணலில் ஆங்காங்கே உட்கார்ந்தார்கள்.

சங்கமித்ரா மேனகாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லணுமா?"

"வேணாம் மேடம். வர்றப்ப அவரு கண்ணுக்கே தெரியும், வெளக்கு எரியலன்னு. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சிகிட்டுப் பாத்து வருவாரு."

வெயில் ஏறியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சாதிக் வந்து சொன்னான். நீங்கள் போங்கள் என்று அவனை அனுப்பிவிட்டு அவளும் மணலில் உட்கார்ந்தாள். மேனகா முந்தானையால் அவள் தலைக்கும் சேர்த்து வெயிலை மறைத்தாள்.

அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அதன் பின்னால் இன்னொன்று. திரையில் படகுகள் எப்போதும் பெரிதாக, பெயரோடு, நிறத்தோடு இருக்கும். இங்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் அது படகுதானா என்றே அவளுக்கு உறுதியாகவில்லை.

"முதல்ல வர்றது யாரோடதுங்க?"

மேனகா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல. வரட்டும்" என்றாள்.